குடும்ப எண்ணிக்கை: பதினொன்று

கணவன் மனைவிக்கு இடையே உள்ள அன்பை அளப்பதற்கு மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகள் முயன்று தோற்றது. கவிஞர்கள் கடல் என்றார்கள், வானம் என்றார்கள். ஒன்றும் சரியாக வரவில்லை. கடைசியில் அமெரிக்க அரசாங்கம்தான் அதை அளந்து சொன்னது: வறுமைக்கோட்டின் நூற்றிருபத்தைந்து சதவீதம். அதற்கு ஒரு டாலர் குறைந்தாலும் அது அன்பு இல்லை, வெறும் கல்யாணம்.

இந்த மகத்தான கண்டுபிடிப்பு அடங்கிய படிவத்துக்கு ஐ-864 என்று பெயர். ஊரில் இருக்கும் மனைவியை இங்கே அழைத்துக்கொள்ள விரும்புகிறவன், ‘இவளை நான் வைத்துக் காப்பாற்றுவேன், அரசாங்கத்தின் கையை எதிர்பார்க்க விடமாட்டேன்’ என்று நோட்டரி முன்னால் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்து, மூன்று வருட வருமான வரித் தாள்களையும் இணைத்துக் கொடுக்க வேண்டும். நம் பக்கத்தில் அக்கினியைச் சுற்றி வருகிறவனிடம் யாரும் வரித் தாள் கேட்பதில்லை. நம் முன்னோர்கள் எவ்வளவு அஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

குடும்பத்தின் மேன்மையைப் போற்றும் இன்னொரு அமைப்பும் டெக்சாஸில் உண்டு. அது எங்களுடையது: ‘வளைகுடாக் கரைத் தமிழ்க் குடும்பப் பேரவை’. அதன் துணைத் தலைவர் ராமசுப்ரமணியன், அதாவது அடியேன். சுகர் லேண்டில் ஐந்து படுக்கையறை வீடு, எண்ணெய்க் கம்பெனியில் வேலை. பெருமைக்காகச் சொல்லவில்லை, விலாசம் தெரிய வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் விழா மேடைகளில் இருபதடி நீளத்துக்கு ஒரு துணிப் பதாகை தொங்கும். ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்’ என்று அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் தலைவர் டாக்டர் நஞ்சுண்டன் அதைச் சுட்டிக்காட்டி, நெஞ்சில் கை வைத்து, குரல் தழுதழுக்கப் பேசுவார். இருதய நோய் நிபுணர் ஆகையால் கை சரியான இடத்தில் இருக்கும்.

இந்த இரண்டு மாபெரும் அமைப்புகளும் சொன்னதை ஒரே சமயத்தில் நம்பிய ஒருவனால் வந்த சங்கடத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

கதிர், கோபிச்செட்டிபாளையத்துக்காரன். ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெருப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டலில் சமையல். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஓட்டல் முதலாளி கூட்டி வந்தார். கிரீன் கார்டு ஆகி, சிட்டிசனும் ஆகிவிட்டான். போன வருடம் ஊருக்குப் போய், வான்மதி என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டு, இருபத்திரண்டு நாள் கூட இருந்துவிட்டு, இட்லி மாவு புளித்துவிடும் என்று திரும்பி வந்தான். அவனுடைய ஆண்டு வருமானம் பத்தொன்பதாயிரத்து நானூறு டாலர். கணவன், மனைவி இரண்டு பேருக்கு அரசாங்கம் கேட்பது பதின்மூவாயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து. ஆக, கதிரிடம் ஐயாயிரம் டாலருக்கு மேல் உபரி அன்பு இருந்தது.

ஆனாலும் 1999 மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எனக்குத் தட்டில் சாம்பார் சாதத்தைப் போட்டுக்கொண்டே கதிர் சொன்னான்:

“அண்ணா, வான்மதிக்கு விசா இல்லைன்னுட்டாங்க.”

வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி ஷ்யாமளாவுக்குப் பாட்டு வகுப்பு. அதனால் நான் கதிரின் அபார்ட்மென்டில் சாப்பிடுவது வழக்கம். எட்டு வருட வழக்கம். அதற்கும் முன்னால், அமெரிக்கா வந்த புதிதில் எனக்கு வேலை போயிருந்த சமயம், அங்கேயே ஏழு மாதம் தங்கி ‘கள ஆய்வு’ செய்திருக்கிறேன்.

“ஏன்? வருமானம்தான் போதுமே?” என்றேன்.

“பதினொரு பேருக்குப் பத்தாதாமுங்ணா.”

“யாரு பதினொரு பேரு?”

“நம்ம வீட்லதானுங்.”

சுற்றிலும் பார்த்தேன். கம்பளத்தில் மூன்று மெத்தைகள். ஒரு மெத்தையில் சபரிநாதன். கம்ப்யூட்டர் பையன். ஒரு கன்சல்டிங் கம்பெனி அவனை வேலை தருகிறேன் என்று கூட்டி வந்து, வேலை கிடைக்கிறவரைக்கும் ‘பெஞ்ச்’சில் வைத்திருந்தது. பெஞ்ச் என்றால் உட்காருகிற பலகை அல்ல, சம்பளமில்லாமல் காத்திருப்பது. அவன் காத்திருக்க ஆரம்பித்து மூன்று மாதம். மற்ற இரண்டு மெத்தைக்காரர்களும் அதே ஜாதி. அது தவிர, வேலை கிடைத்துத் தனி வீடு போன பிறகும் வழி மறக்காமல் சாப்பிட வருகிறவர்கள் சிலர்.

படிவத்தில் ஒரு கேள்வி: ‘உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?’ கணவன், மனைவி, பிள்ளைகள், வரித் தாளில் காட்டியவர்கள், அவ்வளவுதான் கணக்கு. கதிர் இரண்டு என்று எழுதியிருக்க வேண்டும். அவனோ பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை பேருக்கு அரிசி களைகிறோம் என்று யோசித்திருக்கிறான். பதினொன்று என்று எழுதி, தனித் தாளில் பெயர் வரிசையும் இணைத்து, நோட்டரி முன்னால் கையைத் தூக்கிவிட்டான். பதினொரு பேர் குடும்பத்துக்கு அரசாங்கம் கேட்கும் வருமானம் நாற்பத்தையாயிரத்து ஐந்நூற்று ஐம்பது.

“ஏம்ப்பா, இவங்கள்ல யாராவது உனக்குச் சொந்தமா?”

“இல்லீங்ணா.”

“அப்புறம் எப்படிக் குடும்பம்னு எழுதினே?”

“டாக்டர் சார் போன பொங்கலுக்கு மேடையில சொன்னாருங்களே, ஹூஸ்டன்ல இருக்கற அத்தனை பேரும் ஒரே குடும்பம்னு. அப்படிப் பாத்தா முந்நூறுக்கு மேல எழுதணுமுங்ணா. நான் சுருக்கித்தான் எழுதினேன்.”

படித்தவர்கள் மேடையில் பேசுவதைப் படிக்காதவர்கள் படிவத்தில் எழுதக் கூடாது என்று ஒரு விதி வர வேண்டும். பேரவையின் அடுத்த பொதுக்குழுவில் கொண்டுவர உத்தேசித்திருக்கிறேன். அந்தப் பெயர் வரிசையைப் பார்க்க நான் கேட்கவில்லை. பிறர் அந்தரங்கத்தில் தலையிடுவது என் வழக்கமில்லை. இன்னொரு கரண்டி சாம்பார் மட்டும் கேட்டேன்.

அப்போது தொலைபேசி மணி அடித்தது. வான்மதிதான். கதிர் ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணனுங்களா? வணக்கமுங். ஆபீசர் என்னைத்தானுங் கேட்டாரு, இந்தப் பதினொரு பேர் யாருன்னு. கடகடன்னு பேர் சொன்னேனுங். மூஞ்சி பாத்ததில்ல, இவர் போன்ல சொல்லிச் சொல்லி மனப்பாடம். எல்லாரும் சொந்தமான்னாரு. எங்க வீட்டு ஆளுங்கன்னேன். என்ன முறைன்னு கேட்டாரு. சாப்பிடற முறைங்கன்னேன். அவர் பேனாவை மூடி வெச்சுட்டாருங்.”

“இப்ப ஸ்கூலுக்குப் போறியாம்மா?”

“இல்லீங்ணா. வழியனுப்பு விழா வெச்சு, செவுத்துக் கடிகாரம் குடுத்து அனுப்பிட்டாங்க. ஜூன்ல ஸ்கூல் தொறந்தா என் இடத்துக்கு வேற டீச்சர் வந்துருவாங்க. இப்பவே திரும்பிப் போனா சேத்துக்குவாங்களாம். ஆனா ஒரு தடவை போயிட்டு வந்தேன்னா, அப்புறம் ஊருல கேக்கற கேள்விக்கு... கடிகாரத்தைத் திருப்பிக் குடுக்கணுமான்னு தெரியலீங்.”

கதிர் கரண்டியைக் கழுவப் போனான். அது ஏற்கெனவே கழுவின கரண்டி.

தூதரகத்தின் கடிதத்தில் ஒரு வழி சொல்லியிருந்தது. சிட்டிசனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்கும் யாராவது ஒருவர், தன் குடும்பத்தோடு வான்மதி ஒருத்தியைச் சேர்த்து எண்ணினால் போதிய வருமானம் உள்ளவர், கூட்டு ஜாமீனாகக் கையெழுத்துப் போட்டால் போதும். கையெழுத்து ஒன்று. ஆள் ஒருவர். எங்கள் பேரவையில் அப்படிப்பட்டவர்கள் இருநூறு பேருக்குக் குறையாது. “கவலையை விடு, பேரவை எதுக்கு இருக்கு?” என்று சொல்லிவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் நஞ்சுண்டன் வீட்டில் செயற்குழு கூடியது. பொருள் ஒன்று: புதிய பதாகை வாங்குவது. பொருள் இரண்டு: கதிர். சிற்றுண்டி: பருப்பு வடை. வடை சுட்டவன் கதிர். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான் இருந்தது என்பதால் விவாதம் மிகவும் ‘வெளிப்படை’யாக நடந்தது.

“நான் போடத் தயார்யா!” என்று மேஜையைத் தட்டினார் மாரிசாமி அண்ணாச்சி. மூன்று பெட்ரோல் பங்குகளுக்குச் சொந்தக்காரர். பேரவையின் ‘வைரப் புரவலர்’. “கதிரு நம்ம பய. ஆனா ஒரு சிக்கல். வரிப் பேப்பர்ல எனக்கு வருமானம் பதினோராயிரந்தான்.”

“மாசத்துக்கா?” என்றேன்.

“வருசத்துக்குவே! ஆடிட்டர் அப்படித்தான் எழுதியிருக்கான். சட்டப்படி பாத்தா என்னையே யாராவது ஸ்பான்சர் பண்ணணும்.”

“போன தீபாவளி டின்னர்ல ரெண்டு மெர்சிடஸ் வாங்கினதா சொன்னீங்களே?” என்றார் டாக்டர்.

“அது கம்பெனி பேருல இருக்கு, சார். நான் ஏழை.”

எல்லோரும் அவருடைய ஏழ்மைக்காக ஒரு நிமிடம் மௌனமாக வடை சாப்பிட்டோம்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். “பணம் ஒரு இஷ்யூவே இல்ல. ஆனா ரிஸ்க்கை யோசிக்கணும். நான் லாயர்கிட்ட பேசினேன். அந்தப் பொண்ணு சிட்டிசன் ஆகணும், இல்லேன்னா பத்து வருஷம் வேலை பாக்கணும். அதுவரைக்கும் கையெழுத்துப் போட்டவன்தான் பொறுப்பு. அவங்க டிவோர்ஸ் பண்ணினாக்கூட அது போகாதாம். என் சொந்தக் கல்யாணத்துக்கே நான் இவ்வளவு எழுதிக் குடுக்கல!”

“அந்தப் பொண்ணு ஸ்கூல் டீச்சராச்சே, அது எப்படி சார் அரசாங்கத்துல போய்...”

“ராம், நான் ஹார்ட் டாக்டர். எது எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது.”

இப்போது இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். கையெழுத்து என்பது ஒரு மனிதனின் ஆன்மா. அதைக் கண்ட இடத்தில் வைத்துவிடக் கூடாது என்று பத்து நிமிடம் பேசினேன். பேரவையின் பரிசுச் சான்றிதழ்களில் வருடத்துக்கு நானூறு கையெழுத்துப் போடுகிறவன் என்ற முறையில் என் பேச்சுக்கு ஒரு கனம் இருந்தது.

கதிர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, “சட்னி பத்துமுங்களா?” என்றான்.

“உக்காருங்க கதிர், உங்க மேட்டர்தான் போயிட்டிருக்கு.”

“இல்லீங்க சார், எண்ணெய் காயுது.”

கூட்டத்தின் முடிவில் மூன்று தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. ஒன்று, கதிரின் நிலைகண்டு பேரவை ‘ஆழ்ந்த கவலை’ கொள்கிறது. இரண்டு, பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் வான்மதி பெயருக்குப் பேரவையின் சார்பில் அர்ச்சனை செய்வது. மூன்று, பதினொன்று என்ற எண்ணை இரண்டாக்க ஒரு ‘குடும்பக் குறைப்புத் துணைக்குழு’ அமைப்பது. அதன் அமைப்பாளர் துணைத் தலைவர்.

இரண்டாவது தீர்மானத்தை அந்த வாரமே நிறைவேற்றினேன். அர்ச்சனைச் சீட்டுக்கு வருமான வரம்பு கிடையாது, நோட்டரியும் வேண்டாம். பெயரும் நட்சத்திரமும் சொன்னால் போதும். அம்மன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாற்போல இருந்தது. அது தீபாராதனை வெளிச்சமாகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பும்போது காரில் என் மகள் பிரீத்தி, ஏழு வயது, கேட்டாள்: “டாட், ஒய் டோன்ட் யூ ஜஸ்ட் சைன் இட்?”

“அது பெரியவா விஷயம்மா.”

“பட் யூ சைன் எவ்ரிதிங்.”

இந்த நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தமிழ்ப் பண்பாடு போதிய அளவு புகட்டப்படுவதில்லை என்று பேரவை மலரில் நான் எழுதிய கட்டுரையை இந்த இடத்தில் நினைவுகூர விரும்புகிறேன்.

அடுத்து, குறைப்புப் பணி. ஒரு சிவப்புப் பேனாவுடன் கதிரின் வீட்டுக்குப் போனேன். அன்றும் வெள்ளிக்கிழமை.

“ரொம்ப சுலபம் கதிர். புதுப் படிவம் வாங்கி ரெண்டுன்னு எழுது. அதுதான் சட்டப்படி சரியான எண். மத்தவங்களை அடிச்சிடலாம்.”

மெத்தையிலிருந்து சபரிநாதன் எழுந்து உட்கார்ந்தான். “அண்ணே, மொதல்ல என்னை அடிங்க. அண்ணியை வரவிடாம நான் இங்க படுத்துக்கிட்டு இருக்கறது எனக்கே நல்லாயில்ல. நானே ஜாமீன் போடறேன்னு போய்க் கேட்டேன். எச்-ஒன் வேலை விசாவுல வந்தவங்க போடக் கூடாதாம். போட்டாலும் என் சம்பளம் சைபர்.”

“பேசாம படுடா,” என்றான் கதிர். பிறகு என் பக்கம் திரும்பினான். “அண்ணா, நான் படிவத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா வான்மதி அந்த ஆபீசர் முன்னால கையைத் தூக்கி, பதினொரு பேரும் எங்க வீட்டு ஆளுங்கன்னு சொல்லியிருக்கா. இப்ப நான் ரெண்டுன்னு எழுதினா அவ பொய் சொன்ன மாதிரி ஆயிருமுங்களே? புருஷன் எழுதினதை நம்பிச் சொன்னவளை நானே பொய்க்காரி ஆக்கறதுங்களா?”

கலந்து பேசத் துணைக்குழுவில் வேறு உறுப்பினர்கள் இல்லை. சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன்.

கதிர் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். சோறு போட்டான். அப்புறம், கரண்டியைப் பார்த்துக்கொண்டே, “அண்ணா... உங்களால முடியுமுங்களா? வான்மதி யார்கிட்டயும் ஒரு பைசா வாங்க மாட்டா. நான் இருக்கற வரைக்கும் உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராதுங்ணா” என்றான்.

எட்டு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான் என்பதை நேர்மையுடன் பதிவு செய்கிறேன்.

“ஷ்யாமளாவைக் கேட்டுச் சொல்றேன்” என்றேன். எல்லாக் கணவர்களுக்கும் இறைவன் தந்திருக்கும் பாதுகாப்பு அரண் அது. பதினைந்து வருடத்தில் ஷ்யாமளா என் யோசனை ஒன்றுக்கும் சரி என்று சொன்னதில்லை. முழு நம்பிக்கையோடு வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

“போட்டுக் குடுங்கோ,” என்றாள்.

“என்னடி இது! பத்து வருஷப் பொறுப்பு!”

“ஏழு மாசம் அந்தப் பையன் ஆத்துல சாப்ட்டிருக்கேள். அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறினதில்ல. ஒரு கையெழுத்துப் போட்டா என்ன கெட்டுப் போச்சு?”

பெண்களுக்குச் சட்ட நுணுக்கம் புரியாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். மறுநாள் கதிருக்குப் போன் செய்து, “ஷ்யாமளா ஒத்துக்கமாட்டேங்கறா” என்று வருத்தத்துடன் தெரிவித்தேன். வருத்தம் உண்மையானது. ஒரு நல்ல அரண் இடிந்து போனால் யாருக்குத்தான் வருத்தம் இருக்காது?

“பரவால்லீங்ணா. அக்காவைச் சங்கடப்படுத்தாதீங்க,” என்றான் கதிர். “வெள்ளிக்கிழமை வந்துருங்க. அவியல் வெக்கறேன்.”

இதற்குப் பிறகு நடந்தது முழுக்க முழுக்க முறையற்றது. தீர்மானம், துணைக்குழு, வழக்கறிஞர் கருத்து எதுவும் இல்லாமல் நடந்தது. கதிரே பின்னால் என்னிடம் சொன்னதால் தெரியும்.

இந்திராதேவி என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள். முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை. கல்லூரியில் படிக்கும் ஒரு மகன், கணவர் இல்லை. எங்கள் பேரவையில் உறுப்பினர்கூட இல்லை. சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகும் வழியில் கதிரின் ஓட்டலில் இட்லி கட்டிக்கொண்டு போவார்கள். பழக்கம் அவ்வளவுதான். அந்தப் பதினொரு பேர் வரிசையில்கூட அவர்கள் பெயர் கிடையாது. அன்று அங்கேயே நின்று ஒரு இட்லியைப் பிய்த்துச் சாம்பாரில் தொட்டு வாயில் போட்டவர்கள், கதிரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

“என்ன தம்பி, சாம்பாருக்கு உப்பே போடேல்லை. என்ன நடந்தது?”

கதிர் சொல்லியிருக்கிறான். கேட்டுவிட்டு, “அந்தப் பேப்பர் எங்கை?” என்றார்களாம்.

“அக்கா, பத்து வருஷப் பொறுப்புங்க. யோசிச்சுட்டு...”

“நான் இஞ்சை வரேக்கை ஒரு வெள்ளைக்காரக் கிழவி எனக்குக் கையெழுத்து வைச்சவா. சர்ச்சிலை ஒருக்கால் கண்டது, அவ்வளவுதான். என்ரை பேர்கூட அவவுக்குச் சரியாச் சொல்ல வராது. போன வருசம் செத்துப் போனா. அவவுக்கு நான் என்னத்தைத் திருப்பிக் குடுக்கிறது? எங்கை வைக்கோணும், சொல்லும்.”

“நோட்டரி முன்னாலதான் வெக்கணுமுங்க.”

“அப்ப வாரும். ஷிஃப்டுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு.”

பக்கத்துத் தபால் கடையில் ஒரு நோட்டரி இருந்தார். அந்த அம்மாள் வலது கையைத் தூக்கினார்கள்; கையெழுத்துப் போட்டார்கள்; வரித் தாள்களை மகனிடம் ஃபேக்ஸ் பண்ணச் சொல்லிவிட்டு இட்லிப் பொட்டலத்தோடு வேலைக்குப் போனார்கள். அவர்கள், மகன், வான்மதி ஆக மூன்று பேருக்கு அரசாங்கம் கேட்பது பதினேழாயிரத்து முந்நூற்று ஐம்பது. முதியோரைக் குளிப்பாட்டிச் சம்பாதிக்கிற அவர்களுடைய வருமானம் இருபத்தாறாயிரம். வரித் தாளில் எழுதியிருந்ததும் இருபத்தாறாயிரமேதான். மாரிசாமி அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, “ஆடிட்டர் வைக்கத் தெரியாத சனம்” என்று பரிதாபப்பட்டார்.

மே மாதக் கடைசியில் வான்மதிக்கு விசா கிடைத்தது. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், விமானம் ஏறினாள்.

பேரவையின் இடைவிடாத முயற்சிக்குக் கிடைத்த இந்த வெற்றியைக் கொண்டாட நாங்கள் ஒரு விழா எடுத்தோம். ஜூலை முதல் சனிக்கிழமை. புதிய பதாகை, முன்னதைவிட ஐந்தடி நீளம். எனக்குக் ‘குடும்ப இணைப்புச் செம்மல்’ என்ற பட்டமும் பொன்னாடையும் வழங்கப்பட்டன. டாக்டர் நஞ்சுண்டன் நெஞ்சில் கை வைத்து, “நம்ம ராம் மட்டும் இல்லேன்னா...” என்று ஆரம்பித்து, வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல் தழுதழுத்தார். சமையல் கதிர். இந்திராதேவியை நாங்கள் அழைக்கவில்லை, உறுப்பினர் அல்லவே. கதிர் கூட்டி வந்து கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தான்.

“புது மணப்பெண் ரெண்டு வார்த்தை பேசுவாங்க!” என்று டாக்டர் அறிவித்தார்.

வான்மதி மேடைக்கு வந்தாள். ஒல்லியான பெண். கையில் ஒரு காகிதப் பொட்டலம். மைக்கைப் பிடிக்காமலே பேசினாள். வகுப்பறைக் குரல், கடைசி வரிசை வரை எட்டியது.

“எனக்கு மேடையில பேச வராதுங். இந்தக் கடிகாரத்தை எங்க ஸ்கூல்ல குடுத்தாங்க. இதை எங்க வீட்ல மாட்டறதுக்கு முன்னால வீட்ல இருக்கறவங்களையெல்லாம் பாத்துரணும்னு ஆசையுங். பேர் தெரியும், மூஞ்சிதான் தெரியாது. அதனால ஆஜர் எடுக்கறேன். பேர் கூப்பிட்டா ‘உள்ளேன்’னு சொல்லிக் கையைத் தூக்குங்க, பாத்துக்கறேன்.”

சபை சிரித்தது. பேரவையின் விழாவில் முதல் தடவையாக ஒரு நிகழ்ச்சி குறித்த நேரத்தில் ஆரம்பித்தது.

“ஒண்ணு, கதிர்.”

“உள்ளேனுங்!” என்று சமையல் பக்கமிருந்து கரண்டி ஒன்று உயர்ந்தது.

“ரெண்டு, நானு. மூணு, சபரிநாதன்.”

“உள்ளேன் டீச்சர்!” இரண்டு கையையும் தூக்கினான். அவனுக்கு முந்தின வாரம்தான் டாலஸ் பக்கம் ரிச்சர்ட்சனில் வேலை கிடைத்திருந்தது.

“நாலு, ராமசுப்ரமணியன்.”

பொன்னாடை திடீரென்று கனத்தது. பட்டில் ஜரிகை அதிகம் போலிருக்கிறது. ஏழு மாதம் தங்கிப் போனவனை எட்டு வருடம் கழித்தும் வரிசையில் நாலாவதாக வைத்திருப்பான் என்று யார் கண்டார்கள்? அரசாங்கப் படிவத்தில், சத்தியம் செய்து! அந்தச் சிவப்புப் பேனாவோடு நான் போய் உட்கார்ந்தபோது அவன் இதைச் சொல்லவே இல்லையே!

வான்மதி சபையைச் சுற்றிப் பார்த்தாள். முன் வரிசையில் பிரீத்தி என் சட்டையை இழுத்தாள். “டாட், தட்ஸ் யூ, ரைட்?” அந்தப் பக்கம் ஷ்யாமளா நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்காமலிருந்ததே என்னைப் பார்ப்பது போல இருந்தது.

வான்மதி அடுத்த எண்ணுக்குப் போனாள். ஐந்து உள்ளேன். ஆறு உள்ளேன். கதிரிடம் சோறு தின்ற பையன்கள் ஒவ்வொரு மூலையிலிருந்தும் எழுந்தார்கள். பதினொன்று வரை முடிந்தது.

“பன்னெண்டு, இது நான் சேத்ததுங். இந்திராதேவி அக்கா.”

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. நோட்டரி முன்னால் உயர்ந்த அதே கை. “இஞ்சை இருக்கிறன் பிள்ளை!”

வான்மதி அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு நல்ல ஆசிரியைகளுக்கே உரிய வழக்கப்படி, விட்டுப்போன எண்ணைக் கடைசியில் இன்னொரு தடவை கூப்பிட்டாள். குரலில் கோபமில்லை. மழைக்கு ஒதுங்கி நின்றுவிட்ட பிள்ளை இதோ ஓடி வந்துவிடும் என்று நம்புகிற குரல்.

“நாலு?”

எழுந்து ‘உள்ளேன்’ என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் நான் பொறுப்புள்ள துணைத் தலைவன். சபை நடுவே பொய் சொல்வதை எங்கள் பேரவையின் விதிகள் அனுமதிப்பதில்லை.